பணியோட்ட வரைபடமும் யூஸ் கேஸும்: மாதிரியாக்க மென்பொருளில் இணைப்பு

ஓர் அலுவலகத்தில் ஒரு வேலை தொடங்கி முடியும்வரை யார் யார் கையில் எப்படி நகர்கிறது என்பதைக் காட்டுவது பணியோட்ட வரைபடம், யூ.எம்.எல். என்ற மாதிரியாக்க மொழியில் இதை ஆக்டிவிட்டி டயகிராம் என்பார்கள். அந்த வேலையின் நடுவே கணினி அமைப்பு யாருக்கு எந்தப் பயனை முடித்துத் தருகிறது என்பதைச் சொல்வது யூஸ் கேஸ். முன்னது அலுவலகத்தைப் பற்றியது, பின்னது அலுவலகம் பயன்படுத்தப்போகும் மென்பொருளைப் பற்றியது. இரண்டையும் ஒரே மாதிரியாக்க மென்பொருளில் வைத்து, எந்தப் படிக்கு எந்த யூஸ் கேஸ் துணை நிற்கிறது என்று பதிந்துவைப்பதே இங்கே இணைப்பு எனப்படுகிறது. படிக்கொரு யூஸ் கேஸ் என்று வரிசையாகப் பூட்டிவிட்டால் இணைப்பு முடிந்தது என்ற எண்ணம் மாதிரியாளர்களிடையே பரவலாக உண்டு. அப்படிப் பூட்டிய மாதிரி பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் எதையும் தெரிவிக்காது. எந்தப் படி எந்த யூஸ் கேஸோடும் சேரவில்லை, எந்த யூஸ் கேஸுக்கு அலுவலகத்தில் வேலையே இல்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தருவதற்காகத்தான் இந்த இணைப்பு தேவைப்படுகிறது. தென்காசி மாவட்டத்தின் எட்டு வட்டங்களிலும் அன்றாடம் நடக்கும் பட்டா மாற்றத்தை வரைந்து பார்த்தால் இது தெளிவாகும்.

யூஸ் கேஸ் என்ற கருத்தை உருவாக்கியவர் சுவீடன் நாட்டு ஐவர் ஜேக்கப்சன். எரிக்சன் நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பக மென்பொருள் வேலையில் பிறந்த அக்கருத்தை 1987-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையிலும் 1992-இல் நூலாகவும் அவர் வெளியிட்டார். 1997-இல் யூ.எம்.எல். தரமாக ஏற்கப்பட்டபோது யூஸ் கேஸும் ஆக்டிவிட்டி வரைபடமும் ஒரே மொழியின் உறுப்புகளாயின. தொடக்கத்தில் ஆக்டிவிட்டி வரைபடம் நிலைமாற்ற வரைபடத்தின் ஒரு வகையாகவே கருதப்பட்டது. 2005-இல் வந்த இரண்டாம் பதிப்புதான் அதற்குத் தனி இலக்கணம் கொடுத்தது. வணிகப் பணியோட்டங்களுக்கென்றே உருவான பி.பி.எம்.என். குறியீடு 2011-இல் தன் இரண்டாம் பதிப்பை எட்டியது. அதிலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. பணியோட்டத்தை எந்தக் குறியீட்டில் வரைந்தாலும், அங்கிருந்து மென்பொருளின் எல்லைக்குள் நுழையும் இடத்தை மாதிரியாளரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

தென்காசி வட்டத்தில் ஒருவர் நிலம் வாங்குகிறார் என்று கொள்வோம். பத்திரப்பதிவு முடிந்த பின் பட்டா அவர் பெயருக்கு மாற வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், மண்டலத் துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று வேலை கைமாறுகிறது. உட்பிரிவு தேவையா இல்லையா என்பதைப் பொறுத்துப் பாதை பிரிகிறது. வரைபடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை, அதாவது ஸ்விம்லேன். புதிதாக மாதிரி வரைபவர் முதலில் செய்வது, பட்டைகளின் பெயர்களை அப்படியே யூஸ் கேஸின் ஆக்டர்களாக, அதாவது அமைப்போடு நேரடியாகத் தொடர்புகொள்பவர்களாக, எடுத்துவைப்பது. அங்கேயே பிழை தொடங்குகிறது. விண்ணப்பதாரர் இ-சேவை மையத்துக்குப் போனால் விசைப்பலகையில் கை வைப்பவர் மைய இயக்குநர். விண்ணப்பதாரர் எதிரே நிற்கிறார். அமைப்பின் கண்ணில் ஆக்டர் அந்த இயக்குநரே. 2022-இல் பொதுமக்கள் தாமே இணையவழி விண்ணப்பிக்க வழி திறந்தபோது அதே யூஸ் கேஸுக்கு இன்னோர் ஆக்டர் சேர்ந்தார். மூன்றாவது வழியும் உண்டு. பதிவுத்துறை 2018-இல் கொண்டுவந்த ஸ்டார் 2.0 மென்பொருளிலிருந்து பத்திரத் தகவல் வருவாய்த்துறையின் தமிழ்நிலம் மென்பொருளுக்கு நேரடியாகச் செல்கிறது. அந்த வழியில் விண்ணப்பத்தைத் தொடங்கிவைப்பது மனிதரே அல்ல, இன்னொரு கணினி அமைப்பு. பணியோட்டத்தில் ‘பட்டா மாற்றம் கோருதல்’ என்று ஒரே பெட்டியாக நிற்கும் படி, அமைப்பின் பக்கம் மூன்று வெவ்வேறு ஆக்டர்களைத் தொடுகிறது. பட்டையைப் பார்த்து ஆக்டரைக் குறித்துவிடும் மாதிரியில் இந்த வேறுபாடு எங்குமே தென்படாது. திரையை வடிவமைப்பவருக்கோ அதுதான் முதலில் தெரிய வேண்டிய செய்தி: நாளெல்லாம் பதிவு செய்யும் இயக்குநருக்கு உகந்த திரை வேறு, வாழ்நாளில் ஓரிருமுறை விண்ணப்பிப்பவருக்கு உகந்த திரை வேறு.

அடுத்த கேள்வி அளவு பற்றியது. அலிஸ்டர் காக்பர்ன் யூஸ் கேஸ் எழுதுவது பற்றிய தம் நூலில் யூஸ் கேஸ்களைப் பல மட்டங்களாகப் பிரித்து, ஒருவர் ஓர் அமர்வில் உட்கார்ந்து முடித்துத் திருப்தியோடு எழுந்து போகும் வேலையையே நடுமட்டமாக வைத்தார். இணைப்புக்கு உரிய மட்டம் அதுதான். நில அளவரின் பட்டையைப் பாருங்கள். உட்பிரிவு கோரும் விண்ணப்பம் அவர் பெயரில் வருகிறது, அறிவிப்பு தருகிறார், புலத்துக்குப் போகிறார், எல்லைக் கற்களைப் பார்க்கிறார், அளக்கிறார், உட்பிரிவுப் படம் வரைகிறார், அறிக்கை அனுப்புகிறார். படிகள் ஏழு. யூஸ் கேஸ்கள் ஏழல்ல: ‘ஒதுக்கப்பட்ட விண்ணப்பத்தைப் பார்த்தல்’, ‘உட்பிரிவுப் படத்தோடு அறிக்கை சமர்ப்பித்தல்’ என்ற இரண்டே போதும். கடைசி இரண்டு படிகளும் இரண்டாவது யூஸ் கேஸோடு சேரும். எதிர்த்திசையிலும் இப்படியே. ‘பட்டா விவரம் சரிபார்த்தல்’ என்ற ஒரே யூஸ் கேஸ் பட்டா மாற்றத்திலும் பத்திரப்பதிவிலும் வங்கியின் பயிர்க்கடனிலும் பயன்படுகிறது. ஆகவே உறவு பலவற்றுக்குப் பல. உள்நுழைவு, தேடல் போன்ற சிறு செய்கைகளை யூஸ் கேஸ் ஆக்கி ஒவ்வொரு படியோடும் கோடிழுத்தால் கோடுகள் பெருகும். எந்தக் கோட்டுக்கும் பொருள் இராது.

இணையாமல் நிற்கும் படிகளுக்கு இப்போது வருவோம். நில அளவர் பக்கத்து நிலத்தாருக்குத் தரும் அறிவிப்பு எந்த யூஸ் கேஸோடும் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது காகிதத்தில் நடப்பதே போதும் என்று முடிவெடுத்து விட்டதா, அல்லது யாரும் நினைக்காமல் விட்டதா? பிற்பாடு எல்லைத் தகராறு எழுந்தால், அறிவிப்பு போய்ச் சேர்ந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்பார்கள். இணையாத படிக்கு நேரே நிற்கும் வெற்றுக் கட்டம் அந்தக் கேள்வியை வரைபட மேசையிலேயே எழுப்பிவிடுகிறது. அதே சமயம் எல்லா வெற்றுக் கட்டமும் குறையல்ல. இதே மாவட்டத்துக் குற்றாலத்தில் மலையில் மழை வலுத்து அருவியில் நீர் பெருகும்போது குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. தணிந்ததும் தடை நீங்குகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனின் உயிரைப் பறித்த பின் இந்தப் பணியோட்டத்தின் கனம் எல்லோருக்கும் புரிந்திருக்கும். இதை வரைந்தால் நீரைக் கவனித்தல், மக்களை அருவியிலிருந்து வெளியேற்றுதல், வழியை மறித்தல் என்று உயிர்காக்கும் படிகள் மனிதர் கையாலேயே நடக்கின்றன. கணினிக்கு உரியவை தகவலைப் பதிவதும் செய்தி அனுப்புவதும்தான். எத்தனை விழுக்காடு படிகள் யூஸ் கேஸோடு இணைந்தன என்று கணக்குப் பார்த்து மாதிரியின் தரத்தை மதிப்பிடுபவர், இங்கே மிக முக்கியமான படிகளைக் குறைகள் என்று எண்ணிவிடுவார். வெற்றாக விடப்பட்ட ஒவ்வொரு படிக்கும் ‘கைவேலை, தெரிந்தே விட்டது’ என்றோ ‘முடிவெடுக்கவில்லை’ என்றோ ஒரு குறிப்பு வேண்டும் என்பது இதனால்தான்.

இந்த வேலை வீண் சுமை என்ற எதிர்ப்பு பழையது. மென்பொருள் வாரந்தோறும் மாறுகிறது, கோடுகளை யார் திருத்திக்கொண்டிருப்பது, சிறு சுற்றுகளாக வேலை செய்யும் அஜைல் முறையில், பயனர் தேவையை ஓரிரு வரியில் சொல்லும் யூசர் ஸ்டோரிகளே போதும் என்பார்கள். இதில் பாதி உண்மை. சிறு செய்கைகள்வரை இணைத்த மாதிரி சில மாதங்களிலேயே பழசாகிவிடும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அலுவலக வேலையின் அமைப்பு திரைகளைப் போல வாரந்தோறும் மாறுவதில்லை. மாறும்போது பெரிதாக மாறுகிறது. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. பட்டா உத்தரவின் மீது கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. அதுவரை திருநெல்வேலிக்குப் போக வேண்டியிருந்த சீராய்வு தென்காசிக்குள்ளேயே வந்தது. பட்டையிலும் ஆக்டரிலும் பதவியின் பெயரை வைத்து வரைந்த மாதிரியில் இதற்காக ஒரு கோடுகூட மாற வேண்டாம். எந்த ஊர் எந்த அலுவலரின் கீழ் என்ற தரவு மட்டும் மாறும். ஊர்ப்பெயரோடு அலுவலகத்தை எழுதிவைத்த மாதிரியிலோ ஒவ்வொரு பெட்டியையும் தேடித் திருத்த வேண்டும். எதெல்லாம் தொடப்படும் என்பதைப் பணியோட்டத்திலிருந்து யூஸ் கேஸுக்குப் போகும் கோடுகள் உடனே காட்டிவிடும். அவை இல்லாத இடத்தில் நினைவில் வைத்திருப்பவர்களைத்தான் நம்ப வேண்டும். அவர்களும் இடமாறுதலில் போய்விடுகிறார்கள்.

இன்னோர் எதிர்ப்பு புதியது, வலுவானது. அது தென்காசிக்கு மிக அருகிலிருந்தே எழக்கூடியது. 2011 முதல் மத்தளம்பாறையில் இயங்கிவரும் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் சி.ஆர்.எம்., டெஸ்க் போன்ற மென்பொருள்களில் புளூபிரிண்ட் என்ற வசதி இருக்கிறது. நிலைகளையும் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் மாற்றங்களையும் இழுத்துப் போட்டு வரைகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் யார் தகுதியானவர், நடக்கும்போது என்ன தகவல் தர வேண்டும், முடிந்தபின் என்ன நிகழ வேண்டும் என்று குறித்துவிட்டால் வரைந்ததே ஓடத் தொடங்குகிறது. பணியோட்டமே மென்பொருளாகிவிட்ட பிறகு நடுவில் யூஸ் கேஸ் எதற்கு என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஒரே மென்பொருளுக்குள் தொடங்கி அதற்குள்ளேயே முடியும் வேலைக்கு, ஒரு வாடிக்கையாளர் புகாரைத் தீர்ப்பது போன்றதற்கு, தனி யூஸ் கேஸ் மாதிரி தேவையில்லை என்றே நானும் சொல்வேன். அங்கே ஒவ்வொரு மாற்றமும் ஏறக்குறைய ஒரு யூஸ் கேஸின் வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் அந்த வரைபடம் பதிவின் நிலையைத்தான் அறியும், வேலையை அறியாது. பதிவுத்துறையின் மென்பொருள், வருவாய்த்துறையின் மென்பொருள், காகித அறிவிப்பு, புலத்து அளவை என்று நான்கு இடங்களில் சிதறிய பட்டா மாற்றத்தில் ஒன்றன் நிலைவரைபடம் மற்ற மூன்றைக் காட்டாது. பல அமைப்புகள் தொடும் வேலையில், மென்பொருளின் எல்லைக்கு வெளியே நின்று வரைந்த பணியோட்டமும் அதிலிருந்து ஒவ்வோர் அமைப்பின் யூஸ் கேஸுக்கும் போகும் கோடும் இன்னும் தேவைப்படுகின்றன.

கருவிகள் இதற்கு வெவ்வேறு வழி தருகின்றன. ஸ்பார்க்ஸ் சிஸ்டம்ஸின் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட், வரிசையில் படிகளையும் நிரலில் யூஸ் கேஸ்களையும் வைத்து உறவு அட்டவணை காட்டும். வெற்று வரிசையும் வெற்று நிரலும் ஒரே பார்வையில் தெரியும். இந்த வேலைக்கு வரைபடத்தைவிட அட்டவணையே சிறந்தது. விஷுவல் பாரடைம் ஒரு பணிப் பெட்டியிலிருந்து யூஸ் கேஸை உருவாக்கி இரண்டுக்கும் இடையிலான தடத்தைக் காத்துவைக்கும். வசதிதான், ஆனால் பெட்டிக்கு ஒரு யூஸ் கேஸ் என்ற பழக்கத்துக்கு அதுவே எளிதில் தூண்டிவிடும். யூ.எம்.எல். தரம் ஒரு யூஸ் கேஸ் தன் உள்நடையை ஓர் ஆக்டிவிட்டியாக வைத்துக்கொள்ள இடமளிக்கிறது. வணிகப் பணியோட்டத்தின் படியை ஓர் அமைப்பின் யூஸ் கேஸோடு சேர்ப்பதற்கென்று தனி உறவு எதையும் அது வகுக்கவில்லை. ட்ரேஸ் என்ற பொதுவான சார்பு உறவையே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. எனவே கோடு எந்தத் திசையில் போக வேண்டும், எந்த மட்டத்தில் நிற்க வேண்டும், வெற்றுப் படியை எப்படிக் குறிக்க வேண்டும் என்ற மூன்றையும் முதல் பெட்டி வரையும் முன்பே அந்தந்தக் குழு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.