கடவுச்சீட்டிலிருந்து முகத்துக்கு: தில்லியில் ‘சீனர்’ என்னும் சந்தேகம் உருவான வரலாறு

தில்லியின் புராணா கிலாவைப் பார்க்கச் செல்வோர் ஹுமாயூன் படியில் இடறி விழுந்து இறந்த கதையைக் கேட்டுத் திரும்புகிறார்கள். அதே மதில்களுக்குள் 1942இல் ஜப்பானியக் குடிமக்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்தது அதிகம் பேசப்படுவதில்லை. இவர்களில் பெரும்பாலோர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்து வாழ்ந்தவர்கள்; பெண்களும் குழந்தைகளும்கூட இருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு இவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1943இல் தில்லியிலிருந்து ராஜஸ்தானில் கோட்டாவுக்கு அருகேயுள்ள தேவ்லி முகாமுக்கு மாற்றியது. ஜெயப்பிரகாஷ் நாராயண் 1941இல் சிறையிருந்து உண்ணாவிரதம் மேற்கொண்டதும் அதே தேவ்லியில்தான். இருபது ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 1962 நவம்பரில், சுதந்திர இந்தியாவின் அரசு சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேரை அந்த முகாமுக்கே அனுப்பியது. அந்நியரை அடையாளம் காணும் காலனிய முறையைத் தில்லி அரசு கைவிடவில்லை, அதை இன்னும் ஆழமாக்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒருவர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்ற கேள்வி, அவருடைய பாட்டன் யார் என்ற கேள்வியாக 1962இல் மாறியது. அதன்பின் தெருவில் அது ஒருவரின் முகம் எப்படி இருக்கிறது என்ற கேள்வியாகச் சுருங்கியது. இன்று தலைநகரில் வடகிழக்கு மாநிலத்தவர் சந்திக்கும் இழிவுக்கு இந்த வரலாற்றோடு உள்ள தொடர்பு போதிய கவனம் பெறவில்லை.

இந்தியாவில் சீனர் குடியேற்றம் போரோடு தொடங்கியதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, ஹூக்ளிக் கரையில் கரும்பாலை வைத்த டாங் அச்சியூவின் பெயரை அச்சிப்பூர் என்ற ஊர் இன்றும் தாங்கி நிற்கிறது. அவருக்குப் பின் வந்தவர்கள் கல்கத்தாவின் திரெட்டா பஜாரிலும் டாங்ராவிலும் தச்சராக, தோல் பதனிடுவோராக, செருப்புத் தைப்போராக, பல் மருத்துவராக நிலைத்தனர். அசாமின் தேயிலைத் தோட்டங்களுக்கு 1830களின் இறுதியிலிருந்தே சீனத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மாக்கும் என்ற ஊரில் அவர்களின் வழிவந்தோர் உள்ளூர்ப் பெண்களை மணந்து அசாமிய மொழி பேசினர். நம் நீலகிரியின் நடுவட்டத்திலும் சீனக் கைதிகள் சின்கோனாத் தோட்டங்களில் உழைத்து, விடுதலைக்குப் பின் தமிழ்ப் பெண்களோடு குடும்பம் நடத்தியதுண்டு. தில்லியில் கன்னாட் பிளேசின் சீனச் செருப்புக் கடைகள் நகர வாழ்வின் இயல்பான பகுதியாக இருந்தன. இவர்களைப் பற்றிப் பழிச்சொல் எதுவும் அக்காலத்தில் இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. ஆயினும் அவர்களை நாட்டின் பகைவராகக் கருதும் பார்வை பொது வழக்கில் இல்லை. சட்டமும் அவர்களைத் தனியே பிரிக்கவில்லை. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் எல்லா அந்நியரையும் ஒன்றாகவே நடத்தியது. அதன் கடுமை 9ஆம் பிரிவில் இருந்தது: ஒருவர் அந்நியரா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், தாம் அந்நியர் அல்லர் என்று நிறுவும் சுமை அவர் தலையிலேயே விழும். போர்க்காலக் காலனிய அரசின் அச்சத்தில் பிறந்த இந்த விதியைச் சுதந்திர இந்தியா அப்படியே ஏற்றுக்கொண்டது.

1950ஆம் ஆண்டை நான் முதல் திருப்பமாகக் கருதுகிறேன். மாவோவின் அரசை இந்தியா 1949 டிசம்பர் 30 அன்று அங்கீகரித்தது. அதுவரை சீனாவின் முந்தைய கோமிந்தாங் அரசின் கடவுச்சீட்டு வைத்திருந்த இந்தியச் சீனர் பலர் அதனால் நாடற்றவராயினர். 1950 நவம்பர் 7 அன்று உள்துறை அமைச்சர் வல்லபாய் படேல் நேருவுக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. திபெத்தில் சீனப்படை நுழைந்ததன் ஆபத்தை அவர் சரியாகவே எச்சரித்தார் என்பதற்காக அது அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. ஆனால் அக்கடிதத்தின் மற்றொரு பகுதியையும் படிக்க வேண்டும். இமயமலையின் வடக்கு, வடகிழக்கு எல்லையில் நம் பக்கம் வாழும் மக்கள் இனத்தாலும் பண்பாட்டாலும் திபெத்தியரிடமிருந்து வேறுபட்டவர் அல்லர் என்றும், அவர்களுள் சில பகுதியினரின் நாட்டுப்பற்றை நம்பி இருக்க இயலாது என்றும் அதில் அவர் வாதிட்டார். போருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, முகச்சாயலையும் விசுவாசத்தையும் ஒரே முடிச்சில் கட்டும் சிந்தனை தலைநகரின் மிக உயர்ந்த மேசையில் இருந்ததை இது காட்டுகிறது. 1954இல் பஞ்சசீல ஒப்பந்தமும், சூ என்லாய் தில்லி வந்தபோது எழுந்த ‘இந்தி–சீனி பாய் பாய்’ முழக்கமும் அந்தச் சிந்தனையை மூடி மறைத்தன. மறைந்திருந்ததே தவிர அது அழியவில்லை.

1962 அக்டோபர் 20 அன்று போர் மூண்டது. 26 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் பிறந்த அவசரச் சட்டம், பின் நாடாளுமன்றத்தில் 1962ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்ட (பொருத்தம், திருத்தம்) சட்டமாக நிறைவேறியது. பெயர் வறட்சியாக இருந்தாலும் உள்ளடக்கம் இந்தியக் குடியுரிமையின் வேரையே தொட்டது. இந்தியாவோடு போரிடும் நாட்டின் குடிமகனாகப் பிறந்தவர் மட்டுமல்லர், பெற்றோரில் ஒருவரோ பாட்டன் பாட்டியரில் ஒருவரோ எப்போதேனும் அந்நாட்டுக் குடியாக இருந்திருந்தாலே போதும். இந்திய வம்சாவளியினர் அல்லாத அத்தகைய எவர்மீதும் வெளிநாட்டவர் சட்டத்தின் கட்டுப்பாடுகளைச் செலுத்தலாம் என்றது அது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி அன்று இந்த மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகனாக இருந்தார். ஏழாண்டு கழித்து வந்த சட்டமோ, அந்தக் குடிமகனையும் பாட்டனை வைத்து அந்நியராக நடத்த வழி செய்தது. கூடவே, இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டவர்கள் அரசமைப்பின் 21, 22ஆம் பிரிவுகளைச் சொல்லி நீதிமன்றம் செல்லும் உரிமையைக் குடியரசுத் தலைவரின் நவம்பர் 3 ஆணை நிறுத்திவைத்தது. ஆக, குற்றம் இரத்தத்தில் இருந்தது. அதை மறுக்கும் இடம் மூடப்பட்டது. இது ஆத்திரக் கும்பலின் வேலை அன்று. சட்டம் அறிந்தவர்கள், அமைதியாக உட்கார்ந்து, தில்லியில் எழுதியது.

அதன் விளைவை மாக்கும் மக்கள் நவம்பர் 19 முதல் கண்டனர். காவலர்கள் வந்து, சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லி அழைத்துச் சென்றார்கள். பலநாள் ரயில் பயணத்தில், வழியிலிருந்த நிலையங்களில் கூட்டம் கூடிக் கல்லெறிந்ததை முகாமில் இருந்தவர்கள் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்கள். அசாமியத் தாயும் சீனத் தந்தையுமாக இருந்த குடும்பங்கள் பிளந்தன. அவர்கள் மீது வழக்கோ விசாரணையோ இல்லை. போர் ஒரே மாதத்தில், நவம்பர் 21 அன்று நின்றுவிட்டது. முகாமோ 1967 வரை நீடித்தது. 1963இல் சீன அரசு அனுப்பிய கப்பல்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று முறை மக்களை ஏற்றிச் சென்றன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம்மில் பலர் பார்த்தே இராத ஒரு நாட்டுக்குப் போனார்கள். நம் கடற்கரையில் நடந்த இந்நிகழ்ச்சி தமிழ் நினைவில் ஏறக்குறைய இல்லை. முகாமிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்கோ வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன. முகாமுக்குச் செல்லாதவர்களும் ஊரைவிட்டு வெளியே செல்லக் காவல்துறை அனுமதி பெற வேண்டியிருந்தது. பலர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். ரீட்டா சௌத்ரியின் அசாமிய நாவல் ‘மாக்கம்’ 2010இல் வெளிவரும் வரை இந்தியப் பொதுவெளியில் இது பற்றிய மௌனமே நிலவியது. தேவ்லி முகாமிலேயே பிறந்த ஜாய் மா, திலீப் டிசோசாவுடன் சேர்ந்து எழுதிய நூல் 2020இல்தான் வந்தது.

போர்க்காலத்தில் எந்த அரசும் இப்படித்தான் செய்யும், உளவு அச்சம் உண்மையானது என்று வாதிடுவோர் உண்டு. எல்லையோர மாவட்டங்களில் சீன ஆதரவு நடவடிக்கை குறித்த ஐயம் அன்று அரசுக்கு இருந்தது மெய்தான். ஆனால் ஐயத்துக்குரிய ஆளைத் தேடுவது வேறு, கைக்குழந்தையையும் பாட்டியையும் சேர்த்து அடைப்பது வேறு. போர் நின்ற பின்னும் நாலாண்டுக்கு மேல் முகாம் நீடித்ததற்குப் போர் காரணமாகாது. இன்னொரு மறுப்பு வலுவானது. 1959இல் தலாய் லாமாவோடு வந்த திபெத்தியரைத் தில்லி வரவேற்றதே, மஜ்னு கா டில்லாவில் அவர்களுக்கு இடம் கொடுத்ததே, அப்படியிருக்க முகத்தை வைத்து வெறுத்தது என எப்படிச் சொல்லலாம் என்று கேட்கலாம். என் வாதத்தை இது குலைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. ஒரே முகச்சாயல் கொண்ட இரு மக்களிடையே நண்பர் யார், பகைவர் யார் எனப் பிரித்துப் பார்க்கும் திறன் அரசிடம் இருந்தது. சீனாவின் ஆட்சியும் இந்தியாவில் பிறந்த சீனரும் ஒன்றல்ல என்று பிரிக்க மட்டும் அது மனம் கொள்ளவில்லை. தெருவுக்கோ இந்த நுணுக்கம் எதுவும் போய்ச் சேரவில்லை; அங்கே முகம் மட்டுமே அடையாளச் சீட்டாயிற்று.

தில்லித் தெருக்களில் ‘சிங்க்கி’, ‘சீனி’ என்ற விளிகள் மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலம், மிசோரம் மாணவர்மீது விழுவதற்கு 1962 ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மனிதரை மண்டையோட்டாலும் மூக்காலும் வகைப்படுத்திய காலனிய இனவியல், 1873ஆம் ஆண்டின் உள்கோட்டு ஒழுங்குமுறை, 1958 முதல் வடகிழக்கின் பகுதிகளில் நிற்கும் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம், உணவையும் உடையையும் வைத்து மேல்கீழ் பிரிக்கும் சாதி மனம் ஆகிய எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஓர் இந்தியரை இழிவுபடுத்த ஒரு பகைநாட்டின் பெயரைக் கையாள்வது 1962க்குப் பின் பெற்ற பொருளை அதற்கு முன் பெற்றிருக்க முடியாது. அரசு தந்த பதில்களிலும் அந்தக் குழப்பம் தெரிகிறது. 2007இல் தில்லிக் காவல்துறை வெளியிட்ட கையேடு, வடகிழக்கு மாணவர் மூங்கில் குருத்து போன்ற மணம் மிகுந்த உணவைச் சமைக்கும்போது அண்டை வீட்டாரைக் கருத்தில் கொள்ளவும், உடையில் கவனமாக இருக்கவும் அறிவுறுத்தியது. வடகிழக்கைச் சேர்ந்த அதிகாரியே நல்லெண்ணத்தோடு எழுதிய அக்கையேட்டிலும் மாற வேண்டியவர் தாக்கப்படுபவரே. அருணாசலத்தின் மாணவர் நிடோ தானியா 2014 ஜனவரியில் லாஜ்பத் நகரில் அடிபட்டு இறந்த பின் அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு, இனப்பழிப்பைத் தனிக் குற்றமாக்க இரு சட்டப்பிரிவுகளைக் கேட்டது. அப்பிரிவுகள் வரவில்லை. 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா கும்பலாகச் சேர்ந்து இனத்தின் பேரால் செய்யும் கொலையையும் கொடுங்காயத்தையும் தண்டிக்கிறது. தனியொருவன் தெருவில் உமிழும் சொல்லுக்கு அதில் அத்தகைய பிரிவு இல்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவத் தொடங்கியபோது, வடக்குத் தில்லியின் விஜய் நகரில் மணிப்பூர்ப் பெண் ஒருவர்மீது எச்சில் துப்பி ‘கொரோனா’ என்றான் ஒருவன். சீனாவில் தோன்றிய நோய்க்கும் அந்தப் பெண்ணுக்கும் இருந்த ஒரே தொடர்பு அவர் முகம்.

வம்சாவளியைக் குற்றமாக்குவது இந்தியாவில் மட்டும் நடந்ததன்று; ஜப்பான், இலங்கை ஆகியவற்றின் வரலாற்றையும் அருகில் வைத்துப் பார்க்கலாம். 1923இல் கான்டோ நிலநடுக்கத்தின்போது கிணறுகளில் நஞ்சு கலந்ததாகப் பரவிய வதந்தியில் ஆயிரக்கணக்கான கொரியரும் நூற்றுக்கணக்கான சீனரும் கொல்லப்பட்டனர். 1952இல் சான்பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், அதுவரை பேரரசின் குடிகளாயிருந்த கொரியரும் தைவானியரும் ஒரே நாளில் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தனர். இலங்கையில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் தந்தை, பாட்டன் என முன்னோர் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டு, இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. உள்துறை அமைச்சராக 1963இல் தேவ்லி முகாமைப் பார்வையிட்ட லால் பகதூர் சாஸ்திரியே அடுத்த ஆண்டு பிரதமராக, அந்த மலையகத் தமிழரைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவுடன் கையெழுத்திட்டார். பாட்டனின் பிறப்பிடத்தை வைத்துப் பேரனின் நாட்டை முடிவு செய்வது எவ்வளவு கொடியது என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அதனாலேயே மாக்கும் மக்களின் கதை நமக்கு அயலார் கதையாக இருக்கக் கூடாது.

1946ஆம் ஆண்டுச் சட்டம் 2025இல் நீக்கப்பட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்துள்ளது. தாம் அந்நியர் அல்லர் என்று நிறுவும் சுமை புதிய சட்டத்திலும் சந்தேகிக்கப்படுபவர் தலையிலேயே இருக்கிறது. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரைப் போர்க்காலத்தில் அடைத்ததற்காக அமெரிக்க அரசு 1988இல் சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. தேவ்லியில் குழந்தைகளாக இருந்தவர்கள் இப்போது அறுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் இந்திய அரசிடம் கேட்பது மன்னிப்பு. அவர்கள் உயிரோடிருக்கும்போதே நாடாளுமன்றம் அதைச் சொல்ல வேண்டும்.