ஆனைமலை அடிவாரத்தில் யானைத் தோட்டா

பின்னலாடைக்குப் பேர்போன திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடி முழுக்க முழுக்கக் காடு. உடுமலையைக் கடந்து அமராவதி அணைக்குப் பின்னால் எழும் மலைகள் இன்று ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் திருப்பூர் கோட்டத்தில் அடங்குகின்றன. 2009 வரை இப்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. யானையும் காட்டுமாடும் திரியும் இத்தகைய தென்னிந்தியக் காடுகளில் ஏறத்தாழ நூறாண்டுகள் வேட்டைக்காரர்களை அலைக்கழித்த கேள்வி, பெருவிலங்கை வீழ்த்த எந்தத் தோட்டா போதும் என்பது. அதற்கான விடையை விலங்கின் உடல் மட்டும் முடிவு செய்யவில்லை. வெடிமருந்தும் வெயிலும் அரசின் அச்சமும் அதில் பங்கு பெற்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

யானையின் மண்டையோடு தேனடை போலக் காற்றறைகள் நிறைந்தது. மூளை அதன் பின்பகுதியில் ஒடுங்கியிருக்கிறது. கரிமருந்துக் காலத்தில் குண்டின் வேகத்தைக் கூட்ட வழியில்லாததால், எடையைக் கூட்டினார்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் நான்கே உருண்டை வார்க்கும் அளவுள்ள குழலுக்கு ‘4 போர்’ என்று பெயர்; உருண்டை ஒன்று ஏறத்தாழ 113 கிராம். மைசூரில் யானை பிடித்த ஜி. பி. சாண்டர்சன் 1878-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய பெருங்குழல் துப்பாக்கிகளுக்காகவே வாதாடினார். தோளை உலுக்கும் உதைப்பைத் தாங்கிக்கொண்டாலும், முன்னால் கவிந்த வெண்புகை விலகும்வரை யானை விழுந்ததா, பாய்ந்து வருகிறதா என்பது தெரியாது. சாண்டர்சனின் நூல் வெளிவருவதற்கு முன்பே, 1873-இல், சென்னை மாகாணம் காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் இயற்றிவிட்டது. அதன்பின் யானையைச் சுடுதல் பெரும்பாலும் மதம்பிடித்தோ மனிதரைக் கொன்றோ திரிந்த ஒற்றை யானைகளோடு நின்றது.

புகையில்லா வெடிமருந்தான கார்டைட் வந்ததும் கணக்கு தலைகீழானது. 1898-இல் ரிக்பி நிறுவனம் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா (எண், குழலின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் குறிப்பது), 480 கிரெய்ன், அதாவது 31 கிராம் குண்டை நொடிக்கு 2,150 அடி வேகத்தில் செலுத்தியது. பழைய உருண்டையில் மூன்றில் ஒரு பங்குகூட எடையில்லாத இக்குண்டு, எலும்பைத் துளைப்பதில் அதை மிஞ்சியது. ஆனால் குளிர்நாட்டில் அளந்து அடைத்த கார்டைட் நம் வெயிலில் அழுத்தம் கூடி வெடித்தது. பித்தளை உறை விரிந்து குழல் அறையில் இறுகிவிடும். இரட்டைக்குழலைத் திறந்தாலும் உறை வெளிவராது. காயம்பட்ட காட்டுமாட்டின் எதிரே இது உயிர்போகும் கோளாறு. ஆகவே வெப்ப நாடுகளுக்கென மருந்தைக் குறைத்த தோட்டாக்களைத் தனியாகச் செய்தார்கள். என் மதிப்பீட்டில், தென்னிந்திய வேட்டையின் வரலாற்றில் இந்தச் சிறு திருத்தத்துக்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்த திருப்பம் காட்டுக்கு வெளியே நிகழ்ந்தது. ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியும் .450 குழல்தான். கிளர்ச்சியாளர் கைக்குத் தோட்டா போய்விடும் என்று அஞ்சிய அரசு, 1907 வாக்கில் .450 ரைபிள்களையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை போட்டது. பிரிட்டிஷ் பட்டறைகள் அளவைச் சற்றே மாற்றி .465, .470, .475, .476 என்று புதுத் தோட்டாக்களை இறக்கின. யானையின் உடலில் எதுவும் மாறவில்லை, மாறியது சட்டம்தான்.

எல்லோரும் பெரிய அளவையே நாடவில்லை. ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல், .275 ரைபிளால் மூளையைக் குறிபார்த்து யானைகளை வீழ்த்தினார். சேலம், தர்மபுரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சன் நம்பியது .405 வின்செஸ்டர். சிறுத்தைக்கும் புலிக்கும் உடலில் விரியும் மென்முனைக் குண்டு போதும். யானைக்கோ முனை நசுங்காத, முழுவதும் உலோக உறையிட்ட குண்டு தேவை. அளவைவிட இந்த வேறுபாடே முக்கியம் என்பது அனுபவசாலிகளின் கருத்து.

1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஆனால் விலங்கின் உடலை அளக்கும் தேவை மறையவில்லை. 2019 பிப்ரவரி 15 அன்று, உடுமலை அருகே கண்ணாடிப்புத்தூரில் சின்னத்தம்பி என்று அழைக்கப்பட்ட காட்டு யானையை மயக்க ஊசி செலுத்திப் பிடித்து வரகளியாறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மருந்து குறைந்தால் யானை மிரண்டு ஓடும். மிகுந்தால் மூச்சு அடங்கும். காட்டு யானையைத் தராசில் ஏற்ற முடியாததால், பார்வையாலேயே எடையைக் கணிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணிப்புக்கு உயரம் உதவும்; முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் கிடைக்கும் என்பது சாண்டர்சன் காலத்து வேட்டைக்காரர்கள் கையாண்ட கணக்கு. வனத்துறையினர் அதை இன்றும் விட்டுவிடவில்லை.