பானை ஸ்பீக்கரும் பிடுங்கிய எர்த் பின்னும்

ரமணாசிரமம் பக்கம் குடிவந்த பிறகுதான் என் ஆம்ப்ளிஃபயர் "ம்ம்ம்" என்று முனகுவதே காதில் விழுந்தது. பௌர்ணமி கூட்டம் இல்லாத நாட்களில், ராத்திரி செங்கம் ரோடு அடங்கிவிட்டால் இங்கே அவ்வளவு அமைதி. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் சொன்னார்: "எர்த்தைக் கழட்டி விடுங்க சார், நின்னுடும்." நிற்கும்தான். அதுதான் ஆபத்தே. காரணம் சொல்ல முப்பது வருஷம் பின்னால் போகணும்.

அப்போது நம்மூரில் ஹை-ஃபை என்றால் கடையில் வாங்குவது அல்ல, கட்டுவது. சென்னை ரிச்சி தெருவில் எஸ்டிகே 4141, டிடிஏ 2030 என்று ஐசி வாங்கி, தகரப் பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்வார்கள். மரப்பெட்டிக்குக் காசு இருக்காது. ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்துவிடுவார்கள். பேஸ் அதிரும்!

இது வெறும் ஏழை வைத்தியம் இல்லை. ஸ்பீக்கர் கூம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் எதிரெதிர் அலைகளைக் கிளப்பும். நடுவில் தடுப்பு இல்லாவிட்டால், தாழ்ந்த ஒலிகளில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பானை அந்தத் தடுப்பு. ஓட்டை விட்டால் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து ஒலிக்கும். கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ், நாடக அரங்குகளில் வெண்கலப் பாத்திரங்கள் பதிக்கச் சொன்னார். காசில்லாத சின்ன ஊர்களில் மண் பாத்திரமே வைத்தார்கள் என்றும் எழுதிவைத்தார். 1863இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் நூலில் இதற்குக் கணக்குச் சொன்னார். 1930இல் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ், ஓட்டை வைத்த ஸ்பீக்கர் பெட்டிக்குக் காப்புரிமை கேட்டார். இன்றைய பேஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டிகளின் மூதாதை அது.

பானையில் ஒரு குறை: எந்தப் பாட்டானாலும் ஒரே சுதியில் "தும் தும்" என்கும். உள்ளே கொஞ்சம் பஞ்சு திணித்தால் அடங்கும். இந்த வகைச் சோதனைகளில் அதிகபட்சம் ஒரு பானை உடையும், அவ்வளவுதான். ஆனால் கரண்ட் பக்கம் கை வைப்பது வேறு.

என் மாமாவும் இப்படி ஒன்று கட்டினார். முனகல் வந்தது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கினார், முனகல் நின்றது. பல மாதம் கழித்து, டிரான்ஸ்ஃபார்மர் ஒயர் ஒன்று தேய்ந்து பெட்டியில் பட்டது. கழுவிவிட்ட சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று வால்யூம் திருப்பப் போனேன். தூக்கியெறிந்ததால் பிழைத்தேன், கை ஒட்டியிருந்தால் இந்தப் பதிவு இல்லை. எர்த் சரியாக இருந்திருந்தால், பெட்டியில் கரண்ட் வந்த நொடியே ஃபியூஸ் போயிருக்கும்.

இது புதுக் கதையும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பழைய ஏசி/டிசி வால்வு ரேடியோக்களில், பிளக்கைத் திருப்பிச் செருகினால் உள்ளே இருக்கும் தகரச் சட்டம் முழுக்க 230 வோல்ட். மரப்பெட்டியும் பேக்கலைட் குமிழும்தான் அந்தத் தலைமுறையைக் காப்பாற்றின.

சரி, முனகலுக்கு என்ன வழி? கம்ப்யூட்டர் ஒரு சுவரில், ஆம்ப்ளிஃபயர் இன்னொரு சுவரில் என்றால், இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆடியோ கேபிள் வழியாகச் சிறு கரண்ட் ஓடும். நம் 50 ஹெர்ட்ஸ் அதில் ஏறிவரும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினேன். கேபிளைக் கரண்ட் ஒயரிலிருந்து தள்ளிவைத்தேன். முனகல் போச்சு. செலவு ஒன்றுமில்லை.

அதோடு, 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டுவிட்டேன். மலையடிவாரத்துப் பாறை மண் வெயிலில் காய்ந்தால் எர்த் பிடிக்காது. கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும் என்பதால் பெட்டியை நான் திறப்பதில்லை.

பானையை உடைத்துக்கூடப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் விட்டுவிடுங்கள்.