பிறந்ததே குற்றம் - ரேகைச் சட்டத்தின் கதை

ஒரு குழந்தை பிறக்கிறது. அது திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை, இன்னும் நடக்கக்கூடத் தெரியாது. ஆனால் அது வளர்ந்ததும் காவல் நிலையத்துக்குப் போய்ப் பத்து விரல் ரேகையையும் பதிந்துவிட்டு வர வேண்டும். காரணம் கேட்டால், "நீ பிறந்த சாதி அப்படி" என்பதுதான் பதில். ஏதோ கற்பனைக் கதை போல இருக்கிறதா? இந்தியாவில் 1871 முதல் 1952 வரை இது சட்டமாகவே இருந்தது. அதன் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இதை "ரேகைச் சட்டம்" என்றே சொன்னார்கள்.

1871ல் இந்தச் சட்டம் முதலில் வட இந்தியாவில்தான் வந்தது. இங்கே தச்சருக்குத் தச்சர் பிள்ளை, நெசவாளிக்கு நெசவாளி பிள்ளை என்று தொழில் சாதிவழி வருகிறது, அப்படியானால் திருட்டும் ஒரு பரம்பரைத் தொழிலாகத்தானே இருக்க வேண்டும் என்பது வெள்ளைக்கார அதிகாரிகளின் கணக்கு. 1911ல் சட்டம் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணமும் இதற்குள் வந்தது.

1911 சட்டத்தின் விதிகள் விசித்திரமானவை. ஒரு கூட்டத்தார் குற்றத்துக்குப் பழகியவர்கள் என்று "நம்புவதற்குக் காரணம் இருந்தால்" போதும், மாகாண அரசு அவர்களைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்துவிடலாம். அந்த அறிவிப்பு சரியா தவறா என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. பதிவு செய்யப்பட்ட ஆள் குறித்த நேரத்தில் போய் ஆஜராக வேண்டும். வெளியூர் போவதென்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இதற்காகக் கையில் வைத்திருந்த அனுமதிச் சீட்டைத்தான் ராதாரிச் சீட்டு என்றார்கள். சட்டம் பட்டியலிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது 7 ஆண்டு, மூன்றாம் முறை ஆயுள் முழுவதும் தீவாந்தரம். இதற்கெல்லாம் மேலே இன்னொரு பிரிவு. பதிவு செய்யப்பட்டவர் ஓரிடத்தில் நிற்பதைப் பார்த்தால் "திருடப் போகிறார்" என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினாலே போதும், 3 ஆண்டு வரை சிறை. திருடியதற்கு அல்ல, திருடப் போவதாகத் தோன்றியதற்கு!

சரி, இவர்களில் யாருமே திருடவில்லையா? திருடியவர்கள் இருந்தார்கள். எல்லாச் சாதியிலும் இருந்தது போல. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதுவரை இவர்கள் எப்படிப் பிழைத்தார்கள், அந்தப் பிழைப்பு எங்கே போனது?

குறவர்களை எடுத்துக் கொள்ளுங்கள். அவர்களில் பெரும் பகுதியினர் ஊர் ஊராகப் போகும் வியாபாரிகள். கடற்கரையில் உப்பு வாங்கி, மாட்டின் மேலும் கழுதையின் மேலும் பொதி ஏற்றி, உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டு போய்த் தானியத்துக்கு மாற்றுவார்கள். உப்புக் குறவர் என்ற பெயரே அப்படி வந்ததுதான். உப்பு அரசாங்கத்தின் ஏகபோகமானது. 1850களுக்குப் பிறகு ரயில் வந்தது. பொதிமாடு பத்து நாள் நடந்து கொண்டு போனதை ரயில் ஒரே நாளில் கொண்டு போனது. காட்டுச் சட்டங்கள் வந்து மேய்ச்சலும் மூங்கிலும் போயின. 1876-78 தாது வருஷப் பஞ்சம் மிச்சமிருந்த மாடுகளையும் கொண்டு போனது. பிழைப்பு போன பிறகும் அலைந்து கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "வேலை வெட்டி இல்லாமல் சுற்றுகிறார்கள், சந்தேகத்துக்குரியவர்கள்" என்று எழுதி வைத்தது அரசு. வேலையைப் பறித்தவர்களே வேலை இல்லாததைக் குற்றமாக்கினார்கள்.

பிறமலைக் கள்ளர்களின் கதை சற்று வேறு. அவர்கள் அலைந்து திரிந்தவர்கள் அல்ல. பல ஊர்களுக்குக் காவல் பார்த்து, அதற்குக் கூலி வாங்கியவர்கள். களவு போனால் மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும் என்பது அந்தக் காவலின் முறை. இதில் மிரட்டலும் இருந்தது, மறுப்பதற்கில்லை. அதை எதிர்த்து 1896 வாக்கில் மற்ற சாதியார் திரண்டதும் உண்டு. ஆனால் பிரிட்டிஷ் போலீசுக்கு இன்னொரு காவல்காரன் இருப்பதே பிடிக்கவில்லை. போதாததற்கு 1895ல் வந்த பெரியாறு அணைத் தண்ணீர் மேலூர்ப் பக்கத்தைப் பசுமையாக்கியது. உசிலம்பட்டிப் பக்கத்து வானம் பார்த்த பூமி அப்படியே காய்ந்து கிடந்தது.

அங்கேதான் பெருங்காமநல்லூர் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3. ரேகை எடுக்கப் போலீஸ் வந்தது. நாங்கள் விவசாயம் செய்கிறவர்கள், ரேகை வைக்க மாட்டோம் என்று ஊரே கூடி நின்றது. துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்கள் 16 பேர் என்று நினைவுத் தூண் சொல்கிறது. அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். குண்டடி பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது கொல்லப்பட்டார் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை அப்போது. அந்தப் பெயர் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. பெருங்காமநல்லூரை மதுரை மாவட்டத்திலேயே பலருக்குத் தெரியாது.

இவர்களுக்காக வாதாடியவர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்து மதுரைக்கு வந்த பாரிஸ்டர். பெயர் வாயில் நுழையாத ஜனங்கள் அவரை "ரோசாப்பூ துரை" ஆக்கிவிட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள்.

பதிவோடு நிற்காமல் "திருத்தும்" வேலையும் நடந்தது. ஆந்திரத்தில் குண்டூர்ப் பக்கம் இரட்சணிய சேனை நடத்திய ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பு எருகுலர்களுக்கானது. ஊருக்கு ஸ்டூவர்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயர். சேனையின் தலைவர் பூத் டக்கர், குற்றவாளிகளைக் குணப்படுத்தும் கலைக்கு "கிரிமினோகுராலஜி" என்று புதுப் பெயரே கண்டுபிடித்தார்! அங்கிருந்தவர்கள் பக்கத்திலிருந்த சீராலா புகையிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்கள். ஓடிப் போக முடியாத கூலியாட்கள் கிடைத்தால் எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்? மதுரைப் பக்கத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வந்தன. இவற்றால் படித்து முன்னேறியவர்கள் ஏராளம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் பள்ளியின் பெயரிலேயே "சீரமைப்பு" ஒட்டிக் கொண்டிருந்தது. உள்ளே போகும் பிள்ளை ஏற்கெனவே சீர்கெட்டது என்று அர்த்தம்.

முத்துராமலிங்கத் தேவரும் கம்யூனிஸ்டுத் தலைவர் பி. ராமமூர்த்தியும் உள்படப் பலர் எதிர்த்துப் போராடி, சென்னை மாகாணத்தில் 1947ல் சட்டம் ரத்தானது. நாடு முழுக்க ரத்தானது 1952 ஆகஸ்ட் 31. அதாவது நாடு சுதந்திரம் பெற்று ஐந்து ஆண்டு கழித்து! "சீர்மரபினர்" என்று புதுப் பெயர் வந்தது. அதற்குள் வழக்கமான குற்றவாளிகள் சட்டமும் வந்துவிட்டது. அதில் சாதிப் பெயர் இல்லை. ஆனால் போலீஸ்காரர் தேடிப் போன தெரு மாறவில்லை. 1993ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டவர் ஒரு குறவர். 2021ல் வந்த ஜெய் பீம் படத்துக்கு அடிப்படை அந்த வழக்குதான். படத்தில் அவர் இருளராக மாற்றப்பட்டிருந்தார். 1998ல் மேற்கு வங்கத்தில் புதன் சபர் என்ற கூடை முடைபவர் போலீஸ் காவலில் இறந்தார். அவருக்காக மகாசுவேதா தேவி நீதிமன்றம் போனார்.

தமிழ்நாட்டில் சான்றிதழ் சண்டை தனிக்கதை. 1979ல் "பழங்குடி" என்பதை "சமூகம்" என்று ஓர் அரசாணை மாற்றியது. ஒரு சொல்தான். மத்திய அரசின் சலுகை கேட்டுப் போனால் அந்தச் சொல் இல்லாத சான்றிதழ் செல்லாது. 40 வருடம் மனு கொடுத்து, ஊர்வலம் போய், 2019ல்தான் மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்று இரண்டு விதமாகத் தர ஒப்புக்கொண்டார்கள்.

2024 அக்டோபர் 3ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்கு சிறைகளில் இருக்கும் சாதிப் பாகுபாடு பற்றியது. பல மாநிலச் சிறை விதிப் புத்தகங்களைப் புரட்டியபோது, இன்ன சாதிக்கு இன்ன வேலை என்பதோடு, சீர்மரபினரைத் தப்பியோடக் கூடியவர்கள், பழகிய குற்றவாளிகள் என்று பார்க்கும் வரிகளும் அப்படியே கிடந்தன. அவற்றை நீக்கும்படியும், கைதிகளின் பதிவேட்டில் இருக்கும் சாதிக் கட்டத்தை அழிக்கும்படியும் நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் ரத்தாகி அப்போது 72 ஆண்டு ஆகியிருந்தது.