சந்தைக்கு வழி கேட்டவர்கள்



கி.பி. 622-இல் மக்காவைத் துறந்து மதீனா வந்த முஹாஜிர்கள் பலரிடம் வீடும் இல்லை, தொழிலும் இல்லை. அவர்களுள் ஒருவரான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களை, மதீனாவின் செல்வந்தரான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக ஆக்கினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள் ஸஅத் (ரலி) அவர்கள். வந்தவரோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தை காட்டப்பட்டது. சிறிது பாலாடைக்கட்டியும் நெய்யும் ஈட்டித் திரும்பினார்கள்.

தன்மானத்துக்குச் சான்றாகவே இதைப் பயான்களில் சொல்கிறோம். எனக்கோ இதில் இருவர் தெரிகின்றனர்: வழி கேட்டவர் ஒருவர், ஊரை அறிந்து, கைம்மாறு கருதாமல் வழி காட்டியவர் மற்றொருவர்.

எங்கள் திருச்சுழிப் பகுதி வானம் பார்த்த பூமி. 1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. மழை பொய்த்தால் கடல் கடப்பது அம்மாவட்டத்தாருக்குப் பழகிய வழி. பர்மா, இலங்கை, மலாயா எனப் போனார்கள். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றிச் சென்றது.

அக்காலத்தில் மலாயாவில் வேலை கிடைத்த வழிகள் இரண்டு. ஒன்று கங்காணி முறை. ரப்பர் தோட்டத்துக் கங்காணி தம் சொந்த ஊருக்கே வந்து உறவினரையும் அண்டை வீட்டாரையும் திரட்டிச் செல்வார். வழிச்செலவு முன்பணமாகக் கிடைக்கும், அதுவே கடனாகும். தம் ஆள்கள் வேலைக்கு வரும் நாள்களுக்குக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே ஆள் தோட்டத்தை விட்டு அகலாதிருப்பதே அவருக்கு ஆதாயம். உதவிப்பயணத்தில் தொழிலாளரை அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்தியது.

மற்றொன்று, முன்பே போன ஊர்க்காரர். நம்மவருள் பெரும்பாலோர் போனது இவ்வழியில்தான். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826-இல் தொடங்கப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் தமிழ் முஸ்லிம்களின் உழைப்பில் எழுந்தவை. கடையநல்லூர் நெசவாளர்களின் வரலாறு இன்னும் தெளிவானது. தறி சோறு போடாத காலத்தில் சிங்கப்பூர் சென்ற அவர்கள், 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினர். 1946-இல் பிள்ளைகளுக்காக உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியையும் நிறுவினர். ஒருவரை முதலாளியிடம் அழைத்துச் சென்றவர், அவருடைய நடத்தைக்கும் பொறுப்பாளி. வந்தவர் தவறினால் அழைத்தவர் ஊரில் தலை நிமிர முடியாது. அந்த வெட்கத்தைவிட உறுதியான பிணை எது?

இவ்வழியைக் குறையற்றதென்று சொல்லமாட்டேன். உறவினர் கடையில் கூலி கேட்க நா எழாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களும் உண்டு.

1973-க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்தது; வளைகுடா திறந்தது. ஆள் சேர்க்கும் முகவர்கள் பெருகினர். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், பதிவு பெற்றவரே ஆள் அனுப்பலாம் என்றது. கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஆயினும் நம் பிள்ளைகள் பதிவெண்ணைக் கேட்பதில்லை. விசா வந்ததா என்று மட்டுமே கேட்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், பயணத்துக்கு நான்கு நாள் முன்னதாகத் தம் விசாத் தாளுடன் வந்தார். துஆச் செய்யச் சொல்லத்தான் வந்தார். பல்பொருள் அங்காடியில் வேலை என்று முகவர் சொல்லியிருந்தாராம். தாளை வாங்கிப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் அரபியில் ‘ராஈ ஃகனம்’ என்றிருந்தது. ஆடு மேய்ப்பவர். அவர் குர்ஆனை அழகாக ஓதுவார். எழுத்துகள் தெரியும், பொருள் தெரியாது. அதைக் கற்பிக்காதது என் குறையும்தான்.

அவர் போகவில்லை. கொடுத்த பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. இப்போது அருப்புக்கோட்டையில் நூற்பாலை ஒன்றில் இரவு முறை பார்க்கிறார். அவருடைய உம்மாவின் நகை இன்னும் அடகில் இருக்கிறது.