உடம்பு விட்டது, ஆறு விடவில்லை

ஊரின் பெயரை வைத்து ஊரை எடை போடக் கூடாது. அமெரிக்காவில், வர்ஜீனியா மாகாணத்தில், ஜேம்ஸ் நதியும் அப்பொமாட்டக்ஸ் நதியும் கலக்கும் இடத்தில் ஹோப்வெல் என்று ஓர் ஊர் இருக்கிறது. 'நன்றாக நம்பிக்கை வை' என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். ஊர்க்காரர்களும் நம்பிக்கை வைத்துத்தான் இருந்தார்கள். தெற்குப் பிரதேசத்தின் இரசாயனத் தலைநகரம் என்று தங்கள் ஊருக்குப் பட்டமே சூட்டியிருந்தார்கள்.

1974-ஆம் வருஷம் அங்கே, பழைய பெட்ரோல் நிலையம் ஒன்றின் கட்டிடத்தில், ஒரு சிறு தொழிற்சாலை ஆரம்பமாயிற்று. கெபோன் என்ற பூச்சி மருந்தைத் தயாரிப்பது அதன் வேலை. எறும்பையும் கரப்பானையும் வாழைக் கிழங்கைத் துளைக்கும் வண்டையும் கொல்லும் பொடி அது. பொடி காற்றில் பறந்தது, சட்டையில் படிந்தது, சாப்பாட்டோடு வயிற்றுக்குள்ளும் போயிற்று. மாலையில் வீடு திரும்பிய தகப்பனோடு வீட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

சில மாதங்களில் கைகள் நடுங்கத் தொடங்கின. ஒரு கோப்பையைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவதே பெரிய காரியமாயிற்று. கண்மணிகள் தாமாகவே அலைந்தன. உடம்பு இளைத்தது. சிலருக்குப் பிள்ளைப் பேற்றுக்குரிய சக்தியும் குன்றியது. 'கெபோன் நடுக்கம்' என்று அந்த வியாதிக்குப் பெயரும் ஏற்பட்டது. பெயர் கிடைத்துவிட்டதே தவிர, பரிகாரம் கிடைக்கவில்லை.

1975-ஆம் வருஷம் கோடையில் அவர்களில் ஒருவர் ஓர் இருதய வைத்தியரிடம் போனார். தைவானிலிருந்து வந்து குடியேறியவர் அந்த டாக்டர். நோயாளி தம் வேலையைப் பற்றிச் சொன்னதை அவர் காது கொடுத்துக் கேட்டார். பெரிய சரித்திரங்களெல்லாம் சில சமயம் இத்தனை சிறிய காரியத்தில்தான் திரும்புகின்றன! நோயாளியின் இரத்தத்தை எடுத்து அட்லாண்டா நகரிலுள்ள மத்திய அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு நிலையத்துக்கு அனுப்பினார். இரத்தத்தில் கெபோன் இருந்தது. ஜூலை மாதத்தில் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 133 பேரை ஆராய்ந்ததில் 76 பேர் நோயாளிகள் என்று தெரிந்தது. தொழிற்சாலைப் பக்கமே போகாத மனைவி மக்களின் இரத்தத்திலும் பொடி இருந்தது.

கதவை மூடியாயிற்று, உடம்புக்குள் போனதை என்ன செய்வது? உப்பைப் போல் நீரில் கரைவதாயிருந்தால் சிறுநீரோடு போய்விடும். கெபோன் அந்த ஜாதி அல்ல. ஈரலிலும் கொழுப்பிலும் குடியேறிவிடும். இரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறைவதற்கே ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று.

ரிச்மண்ட் நகரின் மருத்துவக் கல்லூரியில் பிலிப் குசெலியன் முதலிய டாக்டர்கள் துப்பறிபவர்களைப் போல இந்தப் பொடியின் போக்கைப் பின்தொடர்ந்தார்கள். ஈரல் அதைப் பித்தநீரோடு குடலுக்குத் தள்ளத்தான் செய்கிறது. ஆனால் குடல் அதை வெளியே விடாமல் உறிஞ்சி மறுபடி இரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. வாசல் வரை போன திருடனை வீட்டுக்காரரே கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவதைப் போல! வாசலிலேயே அவனைக் கட்டிப்போட ஓர் ஆள் தேவைப்பட்டது. கொலஸ்டைரமின் என்ற மருந்து அந்த வேலையைச் செய்தது. இரத்தக் கொழுப்பைக் குறைக்க ஏற்கனவே கொடுத்து வந்த பிசின் பொடி அது. தான் இரத்தத்தில் கலக்காமல், குடலில் கெபோனைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். 22 நோயாளிகளிடம் சோதித்து, 1978-இல் முடிவை வெளியிட்டார்கள். இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாவதற்கு 165 நாள் பிடித்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு 80 நாள் போதுமாயிருந்தது. நஞ்சு இறங்க இறங்கப் பெரும்பாலோருக்கு நடுக்கமும் அடங்கிற்று.

இங்கே கதையை முடித்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் தொழிற்சாலையின் கழிவு அதற்குள் ஜேம்ஸ் நதியில் கலந்திருந்தது. 1975 டிசம்பரில் நதியில் மீன் பிடிக்கக் கூடாது என்று கவர்னர் உத்தரவு போட்டார். நேற்று வரை சோறு போட்ட நதியைப் பார்த்துக்கொண்டு செம்படவர்கள் கரையில் நின்றார்கள். படிப்படியாகத் தளர்ந்த அந்தத் தடை முற்றிலும் நீங்கியது 1988-இல்தான். அப்போதும் நஞ்சு போய்விடவில்லை. அதன் மேல் புதிய வண்டல் மூடியிருந்தது, அவ்வளவே. மனிதனுக்குப் பொடியைக் கரைத்துக் கொடுக்கலாம்; நதிக்கு யார் புகட்டுவது?

கரிபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப் இரண்டிலும் 1993 வரை இதே மருந்தை வாழைத் தோட்டங்களில் தெளித்தார்கள். இன்று அங்கே வயது வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அதைச் சுமக்கிறார்கள். 2009-இல்தான் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் உலகெங்கும் ஒழிக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

இப்போது நம் கவலை பிளாஸ்டிக். 2024-இல் இத்தாலிய டாக்டர்கள் கழுத்து இரத்தக் குழாயில் படிந்த கொழுப்பை எடுத்துப் பார்த்து, அதிலே பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதாக அறிவித்தார்கள். உடனே, "அதை வெளியேற்ற என்ன சாப்பிட வேண்டும்?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கென்று நிரூபணமான மருந்து இன்று கிடையாது. கெபோனுக்குக் கிடைத்தது கூட, அதன் வழியை ஒருவர் பொறுமையாக ஆராய்ந்ததால் கிடைத்தது; கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிய பேதி மருந்தால் அல்ல.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. ஹோப்வெலில் முதலில் மூடியது தொழிற்சாலையை. பிறகுதான் மருந்து கொடுத்தார்கள். மழை பெய்யும்போது கூரையை அடைக்காமல் வீட்டுக்குள் தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பவனை யாரும் புத்திசாலி என்று சொல்வதில்லை.