ஏ.பி.ஆர்.எஸ்.

அமெச்சூர் வானொலிக்காரர்கள் வாயில் நாள்தோறும் புழங்கும் இந்தச் சுருக்கத்தில் 'பி' என்பது பொசிஷன், அதாவது இருப்பிடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பாக்கெட், அதாவது தரவுப் பொதி. விரிவு: ஆட்டோமேட்டிக் பாக்கெட் ரிப்போர்ட்டிங் சிஸ்டம். இதை உருவாக்கியவர் அமெரிக்கக் கடற்படை அகாதெமியில் பணியாற்றிய பாப் புருனிங்கா. அவருடைய அழைப்புக்குறி டபிள்யூ.பி.4.ஏ.பி.ஆர்.; பெயரின் முதல் மூன்று எழுத்தும் அதன் வாலிலிருந்து வந்தவைதான். குறும்பான மனிதர்!

குழப்பத்துக்கும் காரணம் உண்டு. 1984-இல் இதன் முன்வடிவம் 160 கி.மீ. குதிரைப் பந்தயத்தில் குதிரைகளின் இடத்தைச் சொல்லத்தான் பயன்பட்டது. இன்று வானிலை அளவீடு, குறுஞ்செய்தி என்று எல்லாமே இதே பாக்கெட்டில் போகின்றன.

கூடவே வரும் சொல் 'ஐகேட்': இன்டர்நெட்டின் 'ஐ', வாசலின் 'கேட்'. வட அமெரிக்காவில் 144.390 மெகாஹெர்ட்ஸில் கேட்டதை இணையத்தில் ஏற்றிவிடும் நிலையம் அது. ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள்: அழைப்புக்குறிக்குப் பின் -9 இருந்தால் பெரும்பாலும் வண்டி, -7 என்றால் கைக்கருவி, -10 என்றால் அநேகமாக ஐகேட்டேதான்.